கைக்கு வந்த கடன் அட்டையை வங்கியே மூடிவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வருமான வரிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் எழுதித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், லீ பஜார் வியாபாரிகள், அம்மாப்பேட்டை நெசவாளர்கள், ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் எனப் பலரும் கணக்குக்காக வரும்போது, கூடவே ஒரு குறையையும் கொண்டுவருகிறார்கள். கிரெடிட் கார்டு அனுமதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, கார்டும் வந்தது, ஒரு மாதம் முடிவதற்குள் வங்கியே மூடிவிட்டது, என்ன தவறு செய்தோம் என்றே தெரியவில்லை என்பதுதான் அது. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஒரே தனியார் வங்கியில் அடுத்தடுத்து வாங்கிய இரண்டு அட்டைகளும் ஒரே காலையில் செயலியிலிருந்து மறைந்துபோயின. காரணத்தை எழுத்தில் பெறுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்திலும், அதற்குப் பின் பிறருக்காக எழுதிய புகார்க் கடிதங்களிலும் தெரிந்துகொண்டவற்றைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

அனுமதி கொடுத்து அட்டையையும் அனுப்பிய பிறகு, அதை மூடுவதற்கு வங்கிக்கு உரிமை உண்டா?

உண்டு. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். கடன் அட்டை என்பது பெரும்பாலும் பிணை எதுவும் வாங்காமல் வங்கி நமக்குத் தரும் கடன். யாருக்குத் தருவது, எப்போது நிறுத்துவது என்பது வங்கியின் வணிக முடிவு. விண்ணப்பத்தின்போது நாம் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளிலும் அந்த அதிகாரம் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை, பற்று அட்டை நெறிமுறைகளின்படி, ஓர் அட்டையைத் தடுப்பதற்கோ செயலிழக்கச் செய்வதற்கோ நிறுத்திவைப்பதற்கோ, வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த நடைமுறை ஒன்று பின்பற்றப்பட வேண்டும். அப்படிச் செய்ததை உடனடியாக, காரணத்தோடு சேர்த்து, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் போன்ற வழிகளில் அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். மூடியது வங்கியின் உரிமையாக இருக்கலாம். காரணம் சொல்லாமல் இருப்பது உரிமை ஆகாது.

ஆகவே, மூடிய அட்டையைத் திறந்து கொடுங்கள் என்று மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் வீண். காரணத்தை எழுத்தில் கொடுங்கள், பிடித்த கட்டணத்தைத் திருப்புங்கள், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களில் உள்ள பதிவைச் சரியாக வையுங்கள் என்று கேட்டால், விதி நம் பக்கம் நிற்கும்.

அனுமதி என்றாலே எல்லாச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது என்றுதானே பொருள்?

முன்பு ஓரளவு அப்படி இருந்தது. விண்ணப்பத் தாளில் ஒளிப்படம் ஒட்டி, சம்பளச் சீட்டு இணைத்து, ஆள் வீட்டுக்கு வந்து பார்த்துச் சென்ற பிறகுதான் அட்டை அச்சாகும். இப்போது பான் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், சிபில் மதிப்பெண்ணைப் பார்த்துச் சில நிமிடங்களில் கணினி அனுமதித்துவிடுகிறது. பிளாஸ்டிக் அட்டை வருவதற்கு முன்பே செயலியில் அட்டை எண் தெரிகிறது. மனிதர் பார்க்க வேண்டிய சில வேலைகள் அதன் பிறகும் நடக்கலாம். காணொளி வழியாக நடக்கும் கேஒய்சியை, அதாவது அடையாளமும் முகவரியும் சரிபார்ப்பதை, எடுத்துக்கொண்டால், அந்தப் பதிவு தணிக்கைக்கு உட்பட்ட பிறகே கணக்கு செயல்பாட்டுக்கு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாம் கொண்டாடும் அனுமதி பல நேரங்களில் நிச்சயதார்த்தம் மட்டுமே; திருமணம் இனிமேல்தான்.

பொதுவாக என்ன காரணங்களால் மூடுகிறார்கள்?

என் மேசைக்கு வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன். முதலிடம் பெயருக்கு. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். குப்புசாமியின் மகன் செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘செல்வம் கு’ என்றும், பானில் ‘குப்புசாமி செல்வம்’ என்றும், வங்கிக் கணக்கில் வெறும் ‘செல்வம்’ என்றும் இருக்கும். மூன்றும் ஒருவரே என்பது நமக்குப் பார்த்ததும் புரியும். பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்குப் புரியாது. முதல் கட்டத்தில் கண்டுகொள்ளப்படாமல் போகும் இந்த வேறுபாடு, இரண்டாம் கட்டத்தில் கேஒய்சி பொருந்தவில்லை என்ற குறிப்போடு திரும்பிவருகிறது. பெயர் எழுதும் முறையை முதலில் ஆதாரிலும் பானிலும் ஒன்றாக்கிக்கொள்வது நல்லது. அந்த இரண்டும் இணைக்கப்படாமல் இருந்தால், 2023 ஜூலை 1 முதலே பான் செயலற்றதாகியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது வருமானம். சொந்தத் தொழில் செய்பவர்கள் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். வருமான வரிச் சட்டத்தின்படி உத்தேச முறையில் கணக்குக் காட்டும் பட்டறைக்காரர் ஒருவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் என்றால், அதில் 8 சதவீதம், அதாவது 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வருமானம் என்று கணக்கில் இருக்கும். புதிய பேருந்து நிலையத்திலோ வணிக வளாகத்திலோ மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனை முகவர் ‘வருசத்துக்கு எவ்வளவுங்க?’ என்று கேட்கிறார். இவர் 40 லட்சம் என்கிறார். முகவர் அதை வருமானக் கட்டத்தில் அடித்துவிடுகிறார். பிறகு வரிக் கணக்கின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்போது, வங்கியின் கண்ணுக்கு அது பொய்த் தகவலாகத் தெரிகிறது. எங்கள் பேட்டையில் இந்த ஒரே தவறால் மூடப்பட்ட அட்டைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தை முகவர் நிரப்பினாலும், ஓடிபி கொடுத்து ஒப்புக்கொள்பவர் நாம்தான். கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, அதே வங்கியிடம் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இருசக்கர வாகனக் கடனையோ தனிநபர் கடனையோ ‘செட்டில்மென்ட்’ பேசி, அதாவது குறைத்துக் கட்டி, முடித்திருந்தால், அது வங்கியின் உள் பதிவேட்டில் கிடக்கும். கணினி முதலில் கவனிக்காமல் விட்டதைப் பின்னர் ஒருவர் கவனிக்கிறார். இதற்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. வேறு வங்கியை நாடுவதே மேல்.

ஒரே வங்கியில் இரண்டு புதிய அட்டைகள் கிடைத்தன. இரண்டையும் ஒரே நாளில் மூடிவிட்டார்கள். ஒன்றையாவது விட்டிருக்கக் கூடாதா?

என் கதையும் இதுதான். வங்கி அட்டை அட்டையாகப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. பெரும்பாலான வங்கிகளில் இரண்டு அட்டைகளுக்கும் மொத்த வரம்பு ஒன்றுதான். ஆகவே ஆளைப் பற்றிய முடிவு மாறினால் எல்லா அட்டைகளும் சேர்ந்தே போகும். குறுகிய காலத்தில் இரண்டாவது, மூன்றாவது விண்ணப்பம் போட்டால், முதல் அட்டையின் கோப்பும் மறுபடி திறக்கப்படலாம். எனக்கு அதுதான் நடந்தது. முதல் அட்டைக்கு அலுவலக முகவரியையும் இரண்டாவதற்கு வீட்டு முகவரியையும் கொடுத்திருந்தேன். இரண்டும் உண்மையான முகவரிகள்தான். ஆனால் ஒரே மாதத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு முகவரி வந்ததை வங்கி சந்தேகத்தோடு பார்த்திருக்கிறது. பிறருக்கு விண்ணப்பம் சரிபார்த்துத் தருபவன் தன் விண்ணப்பத்தில் கோட்டைவிட்ட கதையை என் மனைவி இன்றும் விருந்தினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏற்காட்டில் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். ‘முகவரி உறுதி செய்யப்படவில்லை’ என்று மூடியிருக்கிறார்கள். என்ன செய்வது?

மலையில் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே கூடுதல் சுமை. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டைப் பக்கங்களில் பல வீடுகளுக்குக் கதவு எண் இருக்காது. தோட்டத்தின் பெயர், அருகிலுள்ள கோயில், ஊர், அஞ்சல் என்று எழுதினால் அஞ்சல்காரர் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பார். சேலத்திலிருந்து வரும் கூரியர் ஆளுக்கும் வெரிஃபிகேஷன் ஆளுக்கும் அது போதாது. சுமார் 30 கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், அதற்குப் பிறகு தோட்டத்து மண்பாதை. ஒரே ஒரு வீட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் ஏறி வருவதற்கு அவருக்குக் கிடைப்பது சொற்பம். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிடும் ஆசை அவருக்கு எழாமல் இருந்தால்தான் வியப்பு. வீட்டில் மூன்று தலைமுறை ஆட்கள் இருந்த நாளில் பூட்டியிருந்ததாக எழுதப்பட்ட அறிக்கையைப் பற்றி ஒரு தோட்டக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்கு முன்னெச்சரிக்கைதான் நல்ல வழி. அட்டை எண் கிடைத்தவுடனே வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதி, வீட்டுக்கு வரும் வழியையும், வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவருடைய கைபேசி எண்ணையும், பகலில் சமிக்ஞை கிடைக்காத இடமாக இருந்தால் அதையும் தெரிவித்துவிட வேண்டும். மூடிய பிறகு என்றால், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் ஆள் வந்தார் என்ற விவரத்தைக் கேட்டு எழுதுங்கள். வராத ஆளுக்கு நேரம் குறிப்பிடுவது கடினம்.

ஆவணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் பழைய முகவரி இருந்தால், தற்போதைய முகவரிக்கு மின் கட்டணம் போன்ற ரசீதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளக் கேஒய்சி விதி இடம் தருகிறது. ஆனால் அது இரண்டு மாதத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் முகவரி திருத்திய ஆவணத்தையும் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதால், கையில் இருக்கும் ரசீது சட்டென்று பழையதாகிவிடும். தோட்டத்து மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தால் மேலாளருக்கோ தொழிலாளிக்கோ அதுவும் உதவாது. அப்படிப்பட்டவர்கள் இ-சேவை மையத்தில் ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. சேலம் நகரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எழுதுங்கள்.

நான் அட்டையைத் தொடவே இல்லை; அப்படியும் மூடிவிட்டார்களே?

தொடாததுதான் காரணமாக இருக்கும். அட்டை வழங்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்கு மேல் அதைச் செயல்படுத்தாமல் வைத்திருந்தால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால், உறுதி கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள், எந்தக் கட்டணமும் இல்லாமல் கணக்கை மூடிவிட வேண்டும். கேட்காமல் அனுப்பப்படும் அட்டைகளிலிருந்து மக்களைக் காப்பதற்காக வந்த விதி இது. பூஜை அறையில் வைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தவர்களையும், ஓடிபி மகனுடைய எண்ணுக்குப் போய்விட்டதால் கவனிக்காமல் விட்டவர்களையும் இது பிடித்துவிடுகிறது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டைக்கும் இதே போன்ற விதி உண்டு. அங்கே வங்கி தெரிவித்த பிறகு 30 நாட்கள் அவகாசம்.

முதல் மாதத்திலேயே நன்றாகப் பயன்படுத்தினேன், அது குற்றமா?

எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதுதான் கேள்வி. கடை வைத்திருப்பவர் தன் புதிய அட்டையைத் தன் கடை ஸ்வைப் இயந்திரத்திலேயே தேய்த்துப் பணமாக்கிக்கொள்வது, வாடகை செலுத்தும் செயலியில் மனைவி பெயரை வீட்டு உரிமையாளராகப் போட்டுப் பணத்தைச் சுற்றிவிடுவது, ஒரு லட்சம் வரம்பை ஒரே மாதத்தில் கட்டிக் கட்டி நான்கு முறை காலி செய்வது, தனிநபர் அட்டையில் பட்டறைக்கான வெள்ளிக் கட்டியைத் தொடர்ந்து வாங்குவது ஆகியவற்றைக் கணினி எளிதில் அடையாளம் காண்கிறது. இவற்றில் முதல் இரண்டையும் செய்துவிட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் புகார்க் கடிதம் எழுதித் தருவதில்லை. கடைசி இரண்டைத் தெரியாமல் செய்தவர்கள், கொள்முதல் ரசீதுகளை இணைத்து விளக்கம் எழுதலாம். தொழிலுக்கென்று தனியாக வணிக அட்டை இருக்கிறது.

மூடிய செய்தி வந்த அன்றே செய்ய வேண்டியது என்ன?

செயலி இன்னும் திறந்தால் கடைசி அறிக்கை, பரிவர்த்தனைப் பட்டியல், வரம்பு காட்டும் திரை, அனுமதிச் செய்தி எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் அந்தக் கணக்கே உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தானியங்கிக் கட்டணங்களாக அந்த அட்டையில் காப்பீட்டுத் தவணையோ கைபேசிக் கட்டணமோ இணைக்கப்பட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். அட்டையைத்தான் மூடுகிறார்கள்; காப்பீடு காலாவதியானால் இழப்பு நமக்கு.

கிளைக்குப் போய் மேலாளரிடம் மன்றாடுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. கடன் அட்டைப் பிரிவு தனியாக இயங்குகிறது. பாரத ஸ்டேட் வங்கியின் பெயரில் வரும் அட்டையை வழங்குவதே எஸ்பிஐ கார்டு என்ற தனி நிறுவனம்தான். கிளை மேலாளருக்கு அந்தக் கோப்பைப் பார்க்கும் வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

இன்னொன்று: ‘தடுக்கப்பட்டது’ என்பதும் ‘மூடப்பட்டது’ என்பதும் வேறு வேறு. முதலாவது என்றால் கணக்கு உயிரோடு இருக்கிறது, ஆண்டுக் கட்டணமும் வரக்கூடும். அப்படித் தொங்கலில் விட்டால், நிலுவையைக் கட்டிவிட்டு நீங்களே மூடச் சொல்லி எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், நிலுவை இல்லாத கணக்குக்குத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வங்கி தர வேண்டும். இந்த 500 ரூபாய், வங்கி தானாக மூடியதற்கான இழப்பீடு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அது நாம் கேட்டும் மூடாததற்கு மட்டும்.

புகார்க் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

கோபத்தைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டி எழுத வேண்டும். நான் பயன்படுத்தும் வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஐயா/அம்மையீர், கடைசி நான்கு எண்கள் இன்னது என முடியும் என் கடன் அட்டை இந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டு, இந்தத் தேதியில் எனக்குக் கிடைத்தது. இந்தத் தேதியில் அது மூடப்பட்டிருப்பதை அறிந்தேன். காரணம் எதுவும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறைகளின்படி, மூடியதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தருமாறும், என்னிடம் பிடித்த சேர்க்கைக் கட்டணத்தையும் அதன் மீதான ஜிஎஸ்டியையும் திருப்பித் தருமாறும், கணக்கில் என் பணம் மிச்சம் இருந்தால் என் வங்கிக் கணக்குக்கு மாற்றுமாறும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு நிலுவையில்லாமல் மூடப்பட்ட கணக்கு என்று பதிவு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். கேஒய்சி ஆவணங்களில் குறை இருப்பின் அதைச் சரிசெய்து தரத் தயாராக இருக்கிறேன்.”

‘எங்கள் உள் கொள்கையின்படி’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். அது காரணம் ஆகாது என்று மறுகடிதம் எழுதி, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும், அதற்கு மேல் முதன்மை நோடல் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர்களுடைய முகவரிகள் வங்கியின் இணையதளத்தில் இருக்கும். எனக்குத் தெளிவான பதில் வந்தது அந்த மூன்றாவது கடிதத்துக்குத்தான்.

அதற்கும் பதில் இல்லை என்றால்?

வங்கிக்கு முதல் புகார் எழுதி 30 நாட்கள் கடந்தும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதற்கும் ஒரே இணையவாசல். 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே வந்தால் புகாரைத் தள்ளிவிடுவார்கள். ஆகவே முதல் கடிதத்தின் தேதிக்கு அவ்வளவு மதிப்பு.

இங்கே எதைக் கேட்கிறோம் என்பது முக்கியம். வங்கியின் வணிக முடிவைப் பற்றிய புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ளமாட்டார் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. அட்டையை மறுபடி தரச் சொல்லி எழுதினால் அந்த விதியைக் காட்டி மூடிவிடுவார்கள். காரணம் தெரிவிக்கவில்லை, கட்டணம் திருப்பப்படவில்லை, தவறான சிபில் பதிவு என்று எழுதினால், அது சேவைக் குறைபாடு, விசாரணைக்கு உரியது.

நுகர்வோர் ஆணையமும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருவதால், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சேலம் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். சில நூறு ரூபாய்க் கட்டணத்துக்காக அங்கே போக நான் சொல்லமாட்டேன். தவறான பதிவால் வீட்டுக் கடன் கைநழுவியது போன்ற உண்மையான இழப்பு இருந்தால் போகலாம்.

என் சிபில் மதிப்பெண் விழுந்துவிடுமா?

விண்ணப்பித்தபோது வங்கி உங்கள் அறிக்கையைப் பார்த்த பதிவு அதில் இருக்கும். அதனால் மதிப்பெண் சற்றுக் குறையலாம். நிலுவை இல்லாமல் மூடப்பட்ட கணக்கு தனியாகப் பெரிய கெடுதல் செய்வதில்லை. வங்கி மூடியதா, நாம் மூடினோமா என்பதைவிட, ஒழுங்காகக் கட்டினோமா என்பதுதான் எடைபோடப்படுகிறது. அட்டை செயல்படுத்தப்படுவதற்கு முன்பே அதைப் பற்றிய கடன் தகவலை அனுப்பக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆகவே செயல்படுத்தாத அட்டை உங்கள் அறிக்கையில் கணக்காகத் தெரிந்தால் அது பிழை.

உண்மையான ஆபத்து சிறிய தொகையில் ஒளிந்திருக்கிறது. 500 ரூபாய் சேர்க்கைக் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590 ரூபாய்க்கு மூடிய அட்டையில் பில் வருகிறது. அட்டையே இல்லை, எதற்குக் கட்ட வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். கெடு தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் போனால் அது தவணை தவறிய கணக்காக அறிவிக்கப்படும். தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும். ஓராண்டு கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த 590 ரூபாய் குறுக்கே படுத்திருக்கும். என் அறிவுரை, கட்டிவிட்டு, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிவிட்டு, பிறகு திருப்பிக் கேட்பதுதான்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடி இரண்டு மாதம் கழித்து நான்கையும் எடுத்துப் பாருங்கள். ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது), ‘ரிட்டன் ஆஃப்’ (வராக்கடனாகத் தள்ளியது) என்று தவறாக இருந்தால் அந்த நிறுவனத்திடமே திருத்தம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

மூடுவதற்கு முன் வாங்கிய பொருளுக்குத் தவணை ஓடுகிறது. இனியும் கட்ட வேண்டுமா?

கட்டாயம். அட்டை போனாலும் கடன் போகவில்லை. தவணைகளை அப்படியே தொடர்வதா, மீதியை ஒரே தடவையில் கேட்பதா என்பது வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாதத்துக்கு 3.5 சதவீதத்தைச் சுற்றி வட்டி போடும் கணக்கில் கோபத்தைக் காட்டக் கூடாது. மாறாக, திருப்பி அனுப்பிய பொருளுக்கான பணம் மூடிய அட்டையில் வந்து விழுந்தால் அது உங்கள் பணம். கணக்கை மூடிய பின் மிச்சமுள்ள தொகையை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டியது வங்கியின் கடமை. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் சாக்குக்கு இடமிருக்காது. வெகுமதிப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் போனது போனதுதான்.

‘உங்கள் கார்டு மூடப்பட்டுவிட்டது, மறுபடி திறந்து தருகிறோம்’ என்று ஒருவர் அழைத்தார்.

வைத்துவிடுங்கள். மூடிய அட்டையைத் தொலைபேசியில் யாரும் திறந்து தருவதில்லை. ஓடிபியைச் சொல்லிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், பிறகுதான் மற்றவை.

மறுபடி விண்ணப்பிக்கலாமா?

காரணம் தெரியும் வரை வேண்டாம். ஒரு வங்கி மூடிய வேகத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்பவர்களைப் பார்க்கிறேன். நான்கு விசாரணைப் பதிவுகள் சேர்ந்து ஐந்தாவது வங்கியையும் பின்வாங்க வைக்கின்றன. பெயர், முகவரி, வருமானம் ஆகியவற்றில் எது இடித்தது என்று தெரிந்து, அதைச் சரிசெய்து, ஆறு மாதம் விட்டு விண்ணப்பிப்பது நல்லது. அடுத்த விண்ணப்பத்தை வங்கி மறுத்தால், மறுத்ததற்கான குறிப்பான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அதுவரை அட்டை இல்லாமல் முடியாது என்பவர்கள், வங்கியில் வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் வாங்கும் அட்டையைப் பார்க்கலாம். பணம் வங்கியிடமே இருப்பதால் வருமானக் கேள்வி பெரிதாக எழாது. காப்பித் தோட்டக்காரர்களைப் போல ஆண்டுக்கு ஒருமுறை வருமானம் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தும். கேஒய்சி மட்டும் இதிலும் அதே கேஒய்சிதான். பெயரையும் முகவரியையும் சரிசெய்யாமல் போனால் இதுவும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

மூடிய பிளாஸ்டிக் அட்டையை என்ன செய்ய வேண்டும்?

நிலுவை இல்லை என்ற கடிதம் கைக்கு வரும் வரை வைத்திருங்கள். அட்டை எண் தேவைப்படும். வந்த பிறகு சிப் இருக்கும் இடத்தின் குறுக்கே வெட்டிப் போட்டுவிடலாம்.